பாட்டுக்கு எத்தனை அங்குலம்?

கொன்றையூர் அரசவையில் ஒரு கணினி இருந்தது. ராஜா காலத்தில் கணினி ஏது என்று கேட்பவர்கள் எழுந்து போகலாம். கதை வேண்டுமென்பவர்கள் மட்டும் உட்காருங்கள்.

அந்த ஊர் மகாராஜா மேகவர்மர் தினமும் காலையில் சபையில் ஒரு பாட்டுப் பாடுவார். ஐயோ, அது பாட்டா! கொட்டடியில் யானைகள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும். ஆனால் தன் பாட்டால்தான் ஊரில் மழை பெய்கிறது என்று அவருக்கு நம்பிக்கை. அதை ஊதி ஊதி வளர்த்தவர் அமைச்சர் திருமேனிநாதர். சபையின் வாய்ச்சாலக்காரன் மருதப்பனைக் கண்டாலே அமைச்சருக்கு ஆகாது.

ஒருநாள் அமைச்சர் ஒரு சமன்பாட்டை எழுதி நீட்டினார்: மழை = வழக்கமான மழை + (க × பாட்டு).

“மகாராஜா, ‘க’ என்பது தங்களின் ஒரு பாட்டுக்குக் கூடுகிற மழை. அது எத்தனை அங்குலம் என்று மருதப்பன் கணினியில் கண்டுபிடிக்கட்டும்.”

“முடியாவிட்டால்?”

“ஆயுள் முழுக்கத் தங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தம்புரா மீட்டட்டும்.”

மருதப்பன் மனசுக்குள் புலம்பினான். தூக்குத்தண்டனை என்றாலாவது ஒரே நாளில் முடிந்துபோகும்!

ஐந்து வருஷ மழை, பாட்டுக் குறிப்புகளை மென்பொருளில் ஏற்றினான். திரையில் ஒரே வரி: ‘மதிப்பிட முடியாது.’ மறுபடி தட்டினான். அதே வரிதான். திருமேனிநாதர் தம்புராவைத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

மருதப்பன் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தான். பாட்டுக் கட்டத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று. ஐந்து வருஷமும் ஒன்றுதான். மகாராஜா காய்ச்சலில்கூட லீவு போட்டதில்லை. விஷயம் பளிச்சென்று பிடிபட்டது.

“மகாராஜா, சாம்பாரில் தினமும் ஒரே அளவு பெருங்காயம் போட்டால், அதனால் எவ்வளவு மணம் என்று எப்படித் தெரியும்? ஒருநாள் போடாமல் பார்க்க வேண்டாமா? தாங்கள் பாடாத நாள் ஒன்றுகூட இல்லை. கணினி பாவம், எதை எதோடு ஒப்பிடும்?”

“அதனால்?”

“ஒரு மாதம் தாங்கள் பாடக் கூடாது.”

சபையில் யாரோ விசும்பினார்கள். ஆனந்தக் கண்ணீர்தான்.

மகாராஜா பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது நாள் பாடாமல் இருந்தார். முப்பது நாளும் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மறுபடி கணக்குப் போட்டதும் விடை வந்தது. அதைப் பார்த்த மருதப்பன் திரையைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“உரக்கப் படியப்பா!” என்றார் அமைச்சர் குஷியாக.

“மைனஸ் இரண்டு, மகாராஜா. தங்கள் ஒவ்வொரு பாட்டும் இரண்டு அங்குல மழையை விரட்டுகிறது.”

மகாராஜாவின் மீசை துடித்தது. மருதப்பன் சட்டென்று கும்பிட்டான்.

“மழையை வரவழைப்பதாகச் சொல்பவன் ஊருக்கு நாலு பேர் உண்டு. பெய்கிற மழையைத் துரத்த வேறு எவரால் முடியும்? இந்தப் பிரம்மாஸ்திரத்தைத் தினமும் வீணாக்கலாமா? ஊரை வெள்ளம் சூழ்ந்தால் மட்டும் எடுங்கள், மகாராஜா!”

மகாராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “சபாஷ்! இனி வெள்ளம் வந்தால்தான் பாட்டு!” என்று முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். “இன்னும் என்ன வேண்டும், கேள்!”

“நம் ஊரில் என்றைக்கும் வெள்ளம் வராமல் இருந்தால் போதும், மகாராஜா.”

“ஆகா, குடிமக்கள்மேல் இவனுக்கு எவ்வளவு அக்கறை!” என்று மகாராஜா நெகிழ்ந்துபோனார்.

“அப்படியே ஆகட்டும்!” என்று சபையில் முதல் ஆளாகக் கத்தியவர் திருமேனிநாதர்.