சிலம்பாயி யானையா என்று பார்த்த கதை

இதில் ஒரு சொல் பொய்யென்றால், மிச்சமிருக்கும் என் மூன்று பல்லும் இந்த நிமிடமே உதிரட்டும். உதிரவில்லை, பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா? சரி, கேளுங்கள்.

முன்னொரு காலத்தில், யானைக்குக் கொடுத்தது போக மிஞ்சினால் மனிதருக்கு என்றிருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவருடைய யானை அலங்காரி கன்று ஈன்றது. தாய் கவலையில்லாமல் வேலைக்குப் போகட்டும் என்று, கன்றைப் பார்த்துக்கொள்ள அரண்மனைச் சம்பளத்தில் இரண்டு ஆள் போட்டார்.

அதைக் கேள்விப்பட்டு, அரண்மனைக்கு நெல் குத்தும் சிலம்பாயி சபைக்கு வந்தாள்.

“சாமி, எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு படி கூலி. பிள்ளையப் பாத்துக்கிறவ ஒண்ணரைப் படி கேக்குறா. குடுக்க முடியாம கொட்டகைத் தூணுல கட்டிப்போட்டுட்டுக் குத்துறேன். மூத்தவனையும் அப்படித்தான் கட்டினேன். முடிச்சு அவுந்து குளத்துக்குப் போயிட்டான். இவளுக்கு ரெண்டு முடிச்சாப் போடுறேன். அந்தக் கூலிய அரமணை குடுத்தா...”

பிரதானி மட்டும் சிரித்தார். “மகாராஜா, யானைக்குக் கொடுத்தது தனக்கும் வேண்டுமாம்! இவள் என்ன யானையா?”

“யானைதான் போலிருக்கிறது” என்றான் விகடகவி தாண்டவன். அவன் வாய் திறந்தாலே ராஜா சிரிப்பார். அதனாலேயே பிரதானிக்கு அவனைக் கண்டால் ஆகாது.

“அப்படியானால் இவனே அதை நிரூபிக்கட்டும், மகாராஜா. தவறினால் இவன் தலையை வாங்கிவிடலாம்.”

ராஜாவுக்கு அது நல்ல வேடிக்கையாகப் பட்டது. “நிரூபித்தால் அவள் கேட்டது கிடைக்கும்” என்றார்.

மறுநாள் தாண்டவன் அந்த இரண்டு ஆளையும் ஊருக்கு அனுப்பினான். கன்றை யானைக் கொட்டில் தூணில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினான். கன்று கத்தியது. அலங்காரி இழுத்து வந்த மரத்தைப் போட்டாள். மதிலை இடித்தாள். பிரதானியின் பல்லக்கை மிதித்து அப்பளமாக்கினாள். பிரதானி அறுபது வயதில் முதல்முறையாக மாமரம் ஏறினார். கன்றை அவிழ்த்துவிட்ட பிறகுதான் எல்லாம் அடங்கியது.

தாண்டவன் ராஜாவின் முன் குனிந்து கழுத்தை நீட்டினான்.

“தோற்றுவிட்டேன், மகாராஜா. கன்று அழுதது அரை நாழிகை, மதில் போயிற்று. சிலம்பாயியின் பிள்ளை விடிந்ததிலிருந்து அழுகிறது. அவள் தங்கள் நெல்லைக் குத்திக்கொண்டிருக்கிறாள். அவள் யானை இல்லை. யானையாக இருந்திருந்தால் இந்த அரண்மனை என்றைக்கோ தரைமட்டமாகியிருக்கும்.”

கொட்டகைப் பக்கமிருந்து உலக்கைச் சத்தம் கேட்டது. தொம். தொம். நடுவில் குழந்தையின் அழுகை, தொண்டை கட்டிப்போன அழுகை.

ராஜா அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு மாமரத்தில் தொங்கிய பிரதானியின் வேட்டியைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அரண்மனையில் வேலை செய்யும் தாய்மார் எல்லாருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் கூலி இனி அரண்மனையுடையது என்று உத்தரவு போட்டார். தாண்டவனுக்குப் பட்டும் பொன்னும் கொடுத்தார்.

நம்பாதவர்கள் போய்ப் பாருங்கள். கொட்டகைத் தூணில், குழந்தையின் இடுப்பு உயரத்தில், கயிறு அறுத்த பள்ளம் இருக்கிறது.

அந்த உத்தரவு மட்டும் வரவே இல்லை. அந்தச் சபையில் விகடகவி என்று ஒருவர் இருந்ததே இல்லை.