குன்றைச் சுற்றி அளந்த புழு

இந்தக் கதையை நான் நேரடியாகக் கேட்கவில்லை. விடுதியில் பக்கத்துக் கட்டில் திலகவதி, அவள் அத்தை சொன்னதாகச் சொன்னாள். எங்காவது மாறியிருந்தால் பிழை என்னுடையது.

அந்தக் காலத்தில், உயிர்களெல்லாம் ஒரே பேச்சுப் பேசிய நாளில், பச்சைப் புழுவும் மற்ற புழுக்களைப் போல வயிறு தேய ஊர்ந்துதான் போகும். ஆனால் கணக்கில் புலி. வட்டமான நிலத்துக்கு வேலி வேண்டுமென்றால், நடுவிலிருந்து ஓரம்வரை எத்தனை முழம் என்று மட்டும் கேட்கும். "அதைப்போல ஆறே கால் மடங்குக்குச் சற்றுக் கூட" என்று சொல்லிவிடும். சமவெளியில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

பாதி விளாம்பழத்தைக் கவிழ்த்தாற்போன்ற ஒரு குன்றில் முயல்கள் குடியிருந்தன. காட்டுப்பன்றிகளுக்குப் பயந்து அடிவாரத்தைச் சுற்றி வேலி கேட்டன. புழு எல்லையைக் காட்டியது. உச்சியிலிருந்து எல்லைவரை நூறு முழம்.

"அறுநூற்று முப்பது முழம் கொடி" என்றது, இருந்த இடத்தை விட்டு அசையாமல்.

முயல்கள் பத்து நாள் கொடி கடித்துச் சேர்த்தன. கட்டினால் நானூறு முழத்திலேயே வேலி முடிந்துவிட்டது. மீதி குவியலாகக் கிடந்தது.

"பாத்தீங்களா!" என்று பக்கத்து மரத்திலிருந்த ஒரு மைனா கத்தியது. "பன்றிங்ககிட்ட எதையோ வாங்கிட்டு, எல்லையை உள்ள தள்ளிக் காட்டிட்டா. இவளை என்கிட்ட விடுங்க. ஒரே வாய்தான்."

முயல்களில் மூத்தவள் வெள்ளாயி முறைத்தாள். "என்னடி இது? பல்லு தேஞ்சு போச்சு எங்களுக்கு!"

புழு தலையை நிமிர்த்தியது. "எல்லை சரிதான் அக்கா. கணக்கில்தான் எங்கேயோ தப்பு. நானே அளக்கறேன். எல்லை ஒரு முழம் உள்ள இருந்தாலும் மைனா என்னைத் தின்னட்டும்."

"எதை வச்சு அளப்ப?" மைனா சிரித்தது.

"இந்த உடம்பை வச்சு."

தலையை ஊன்றியது, வாலை இழுத்துத் தலையருகே வைத்தது, மறுபடி தலையை நீட்டியது. முயல்கள் எண்ணின. மைனா தலைக்கு மேலேயே வட்டமிட்டது. எந்தப் பக்கம் இறங்கினாலும் நூறு முழம். சுற்றிவந்தால் நானூறு.

பிறகு பாதி விளாம்பழத்தின்மேல் புழு ஒரு நார்த்துண்டை வைத்து அளந்து காட்டியது. காம்பிலிருந்து விளிம்புவரை ஒரு பங்கு. விளிம்பைச் சுற்ற நான்கே பங்கு.

"உருண்டை மேல தரைக் கணக்கு செல்லாது அக்கா. உக்காந்த இடத்துலயே சொன்னது என் திமிரு."

வெள்ளாயி மைனாவை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு இங்க சோறு இல்ல. கிளம்பு."

அன்று முதல்தான் அந்தப் புழு எந்த இலையானாலும் உடலை வில்லாக வளைத்து, அடி அடியாகத் தொட்டு அளந்துகொண்டே போகிறது.

நான் பிறகு கல்லூரி நூலகத்துப் பூமி உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தேன். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடுவரை ஒரு நூல். அதே நூலால் நிலநடுக்கோட்டை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் நான்கே நூல்தான்.