நீலக்கோட்டைக் கிணறு

அமலதாஸுக்குத் தன் நேர்மைமேல் கொள்ளைப் பெருமை. தயாரிப்பாளர் மனம் கோணாமல் சினிமா விமர்சனம் எழுதச் சொன்னார்கள் என்று, பதினாறு வருடப் பத்திரிகை வேலையை உதறிவிட்டு வந்தவர். நாற்பத்தைந்து வயதில், கோயமுத்தூரில் பர்வீன் நடத்தும் வீடியோ கேம் விமர்சனத் தளத்தில் சீடராகச் சேர்ந்தார். பர்வீனுக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. ஆனாலும் ஆசிரியர் ஆசிரியர்தான்.

அவருடைய முதல் விமர்சனம் அன்று மாலை ஆறு மணிக்கு வெளியாக வேண்டும். 'நீலக்கோட்டை' என்ற புது விளையாட்டு. வாங்கலாமா வேண்டாமா என்று வாசகர்கள் கேட்டு எழுதியபடி இருந்தார்கள். கம்பெனி அனுப்பிய இலவசப் பிரதியை அமலதாஸ் திருப்பி அனுப்பினார். சொந்தக் காசில் ஒன்று வாங்கினார். அவர்கள் அழைத்த விருந்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஐந்து நாள் விளையாடி, கட்டுரையை அனுப்பிவிட்டு, பர்வீன் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், யாருக்கும் நான் கடமைப்படலை. இதைவிடச் சுதந்திரமா ஒருத்தன் எழுத முடியுமா?"

கட்டுரையை இன்னும் திறக்கவில்லை என்றார் பர்வீன். விளையாட்டையும் தொட்டதில்லையாம். நீங்களே வாயால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, மேசையிலிருந்த ஒரு தாளைக் கையில் எடுத்தார்.

அமலதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீலக்கோட்டையில் மழை வெறும் மழை அல்ல..."

"அதுவும் ஒரு பாத்திரம்," என்றார் பர்வீன்.

அமலதாஸ் சிரித்தார். ஆசிரியர் கெட்டிக்காரர், ஊகித்துவிட்டார். "வாளின் ஒவ்வொரு வீச்சும்..."

"எலும்பு வரை உணரவைக்கிறது."

சிரிப்பு நின்றது. கடைசி வரியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதை எழுதியபோது அவருக்கே கண் கலங்கியிருந்தது. "கோட்டைக் கதவு திறக்கும்போது..."

"திறப்பது நம் மனம்தான்."

கட்டுரையை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பர்வீன் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். விமர்சகர்களுக்காக இலவசப் பிரதியோடு கம்பெனி அனுப்பிய குறிப்பு அது; பிரதி திரும்பிப் போனபோது தாள் மட்டும் ஆபீஸிலேயே தங்கிவிட்டிருந்தது. மூன்று வரிகளும் அச்சு அசலாக அதில் இருந்தன. பிரதியைத் திருப்பி அனுப்புமுன், தகவலுக்கு இருக்கட்டுமே என்று அவர் ஒரே ஒரு தடவை அதைப் படித்திருந்தார். படித்ததே மறந்துபோயிருந்தது.

"நான் எதையுமே வாங்கலையே, மேடம்," என்றார்.

பர்வீன் மணி பார்த்தார். நாலரை.

"விளையாட்டுல முதல் தடவை எங்க செத்தீங்க, அண்ணா?"

"ஊர்க் கிணத்துல."

அதைச் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. சண்டைகூட இல்லை, தண்ணீர் எடுக்கத்தான் போனார். கிணற்றோரம் உடைந்த படியைத் தாண்டக் குதிக்கும் பட்டனை அமுக்கினால் ஆள் குதிக்கவே இல்லை. ஒன்பது தடவை உள்ளே விழுந்து, கோபத்தில் கன்ட்ரோலரைச் சோபாவில் வீசிவிட்டு, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாராம்.

"எனக்குத்தான் கை வேகம் பத்தலைன்னு நினைச்சேன். அதையெல்லாம் எழுதலை."

பர்வீன் அந்தத் தாளை எடுத்து, மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்து முடித்தார்.

"இதுலயும் அந்தக் கிணறு இல்லீங்க," என்றார்.