துரை கேட்ட ட்ரங்க்

பூவாற்றுமலைச் சமஸ்தானத்தை ஆண்ட வீரகேசவ ராஜாவுக்குக் கை தாராளம். வாய் அதைவிடத் தாராளம். அந்த வாயால் வந்த வம்பை அவிழ்க்க, அரண்மனைத் துபாஷி ஆவுடைநாயகம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

துபாஷிக்கு வேலை, துரைமார் பேசும் இங்கிலீஷை ராஜாவுக்குத் தமிழில் சொல்வது. ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அந்த வருஷம் மலையடிவாரத்தில் ஒரு புலி ஆள் ருசி கண்டுவிட்டது. வெள்ளைக்காரக் கும்பினியின் பெம்பர்டன் துரை வந்து அதைச் சுட்டு வீழ்த்தினார். ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நிறைந்த சபையில் எழுந்து நின்று, “துரை எது வேண்டுமானாலும் கேட்கட்டும், தருகிறேன்!” என்று சொல்லிவிட்டார்.

துரை தயாராகவே வந்திருந்தார். “உங்கள் காட்டில் இன்று இருக்கிற ட்ரங்குகள் எல்லாம் எனக்கு வேண்டும்” என்றார் இங்கிலீஷில்.

ட்ரங்க் என்றால் அடிமரம் என்று ஆவுடைநாயகத்துக்குத் தெரியும். கும்பினி கப்பல் கட்டுகிறது. துரை கண் வைத்திருப்பது தேக்கு மரங்கள் மேல். காடு போனால் ஊற்று போகும், ஊற்று போனால் பூவாறு போகும், அப்புறம் வயலுக்குத் தண்ணீர் ஏது?

“என்ன கேட்கிறார்?” என்று அவசரப்பட்டார் ராஜா.

“காட்டில் இருக்கிற ட்ரங்க் எல்லாம் வேண்டுமாம், மகாராஜா. ஆனால் ட்ரங்க் என்றால்...”

“தெரியுமய்யா, பெட்டிதானே! எவனோ காட்டில் ஒளித்து வைத்திருப்பான். தந்தேன்! வாக்கு, வாக்கு!”

துரை குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மந்திரியான பிரதானி அனந்தப்பர் எழுந்தார். துபாஷியைக் கண்டாலே ஆகாது அவருக்கு; அரைகுறை இங்கிலீஷும் தெரியும். “மகாராஜா, துரை கேட்டது மரம். துபாஷி சொல்லாமல் விழுங்கிவிட்டார்” என்றார்.

ராஜாவின் முகம் வெளுத்தது. “ஆவுடைநாயகம்! கொடுத்த வாக்கும் தவறக் கூடாது, காடும் போகக் கூடாது. நாளைக்கு ஒரு வழி செய்யும். முடியாவிட்டால் சீமையை விட்டே போய்விடும்!”

சொல்ல விட்டால்தானே சொல்வதற்கு? அதை யாரிடம் போய்ச் சொல்வது! வீட்டுக்கு நடந்தார் ஆவுடைநாயகம். ஆனால் துரையின் குணம் ஒன்று அவருக்குத் தெரியும். மனிதருக்கு லத்தீன் என்றால் உயிர். எந்த இங்கிலீஷ் சொல்லைச் சொன்னாலும் அது பிறந்த கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

மறுநாள் காலை காட்டு முகப்பில் ராஜா, பிரதானி, ஊர் ஜனம் எல்லாரும் கூடினார்கள். துரை கோடாரிக்காரர்களோடு வந்தார். மரத்தடியில் வரிசையாகப் பழைய பெட்டிகள்.

“இதோ, துரை கேட்ட ட்ரங்க்” என்றார் ஆவுடைநாயகம்.

“பெட்டியா? நான் கேட்டது இதுவல்ல!”

“மன்னிக்கணும், துரை. அப்படியானால் இதுவாக இருக்கும்.” அவர் கை காட்டியதும் பாகன் அரண்மனை யானையை நடத்தி வந்தான். “யானையின் தும்பிக்கைக்கும் ட்ரங்க் என்றுதானே பேர்? எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது யானையோடு ஒட்டியிருக்கிறது. யானையிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.”

யானை தும்பிக்கையை நீட்டித் துரையின் தொப்பியைத் தூக்கியது. ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். துரைக்கு முகம் சிவந்துவிட்டது.

“மூடனே! மரம்தான் முதல் அர்த்தம். மரத்தைக் குடைந்து பெட்டி செய்தார்கள், அதனால் பெட்டிக்கும் அந்தப் பேர் வந்தது!”

“நாங்கள் படிக்காத ஜனம், துரை. அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று சொன்னால் ராஜாவுக்கும் விளங்கும்.”

துரையின் கோபம் போன இடம் தெரியவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார். “லத்தீனில் ட்ரங்குஸ். வெட்டுப்பட்டது என்று அர்த்தம். கிளையும் தலையும் போய் நிற்கிற மரம். அதனால்தான் தலையும் கைகாலும் இல்லாத உடம்பையும் ட்ரங்க் என்கிறோம்.”

ஆவுடைநாயகம் ஒரு சொல் குறையாமல் அதைத் தமிழில் உரக்கச் சொன்னார். பிறகு துரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

“கிளையும் தலையும் போனதுதான் ட்ரங்க். அப்படித்தானே?”

“சந்தேகமே வேண்டாம்!”

“நேற்று இந்தக் காட்டில் இருந்த ட்ரங்குகளைத்தான் கேட்டீர்கள், இனி வெட்டி உண்டாக்குவதை அல்ல. மற்ற மரமெல்லாம் கிளையும் தலையுமாக நிற்கிறது. போன மழையில் இடி விழுந்து மொட்டையான மரம் அதோ, அது ஒன்றுதான் ட்ரங்க். ராஜா வாக்குத் தவறமாட்டார். தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள்.”

துரை அந்த மொட்டை மரத்தை ஏறிட்டுப் பார்த்தார். சொன்ன அர்த்தத்தை மாற்றினால் லத்தீனுக்கே துரோகம். கடைசியில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். கோடாரிக்காரர்கள் கரிந்த கட்டையை வெட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

ராஜா தன் சால்வையைக் கழற்றித் துபாஷிக்குப் போர்த்தினார். அனந்தப்பர் மரத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

“அது சரி, தலையில்லாத உடம்பைத் தமிழில் என்ன என்போம்?” என்றார் ராஜா.

“முண்டம், மகாராஜா.”

“அப்படியானால், முழுக்கக் கேட்காமல் வாக்குக் கொடுத்த என்னை இங்கிலீஷில் என்னவென்று சொல்லலாம்?”

ஆவுடைநாயகம் பணிவாகக் குனிந்தார். “அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மகாராஜா!”

“எனக்குத் தெரியும்!” என்று ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். “ட்ரங்க்!”