சமையல்கூடத்துப் பச்சை வயர்

கோவில்பட்டிப் பக்கம் வயரிங் கான்ட்ராக்ட் எடுக்கும் தமயந்தியை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டடத்தின் வயரிங்கை ஒருவர் தனியாக முடித்து, அதை டீச்சர் ஒத்துக்கொண்டால், மெயின் பெட்டி மூடிக்கு உள்பக்கம் அவர் தன் பேரை எழுதலாம்.

அந்தப் பேருக்காக மூணு வருஷமாகக் காத்திருந்தார் அருளப்பன். வயசு ஐம்பத்தொன்று. டீச்சரைவிடப் பதின்மூணு வயசு மூத்தவர். முன்னே கொத்தனார். "சுவர் கட்டுனவனுக்குச் சுவருக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரிய வேண்டாமா?" என்று கேட்டு டீச்சரிடம் வேலை பழக வந்து சேர்ந்தவர்.

கல்யாண மண்டபம் ஒன்றை ஒற்றை ஆளாக முடித்துவிட்டார். மறுநாள் திறப்பு விழா. டீச்சர் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே வர, மனுஷர் மாப்பிள்ளை மாதிரி பின்னாலேயே நடந்தார். பெருமை இருக்காதா பின்னே!

சமையல்கூடத்துப் பெட்டியைத் திறந்த டீச்சர் அங்கேயே நின்றுவிட்டார்.

"கிரைண்டர் லைனுக்குப் பச்சை வயரா அண்ணே?"

"சிவப்பு வயர் ஒரு சுருள் குறைஞ்சுபோச்சு டீச்சர். ஞாயித்துக்கிழமை, கடை இல்ல. பச்சை மிச்சம் கிடந்துச்சு. அதே கனம், அதே கம்பெனி. கிரைண்டர் ஜம்முனு ஓடுது. கரண்டுக்குக் கண்ணா இருக்கு, நிறம் பார்க்க?"

டீச்சர் விரலை நீட்டிப் பச்சை வயரின் முனையைத் தொடப் போனார்.

"ஐயையோ, டீச்சர்!"

பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார் அருளப்பன். "அதுல கரண்டு ஓடுது!"

"பச்சைன்னா எர்த்துதானே? தொட்டா ஒண்ணும் செய்யாதே?"

இந்தத் தொழிலில் அது பாலபாடம்.

"இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு ரிப்பேருக்கு எவனோ ஒருத்தன் இதைத் திறப்பான்" என்றார் டீச்சர். "தட்டிவிட நீங்க பக்கத்துல நிப்பீங்களா அண்ணே?"

போச்சு, மூணு வருஷம் போச்சு என்று அருளப்பனின் மனசு அடித்துக்கொண்டது. போய் மெயினை அணைத்தார். போனை எடுத்து மண்டபக்காரரைக் கூப்பிட்டார்.

"ஐயா, அருளப்பன் பேசுதேன். சமையல்கூடத்து லைனைப் பிரிச்சு மாத்தணும். நாளைக்குச் சமையலை வெளியில வச்சுக்கிடுங்க."

மறுமுனையில் போட்ட சத்தம் டீச்சருக்கே கேட்டது. "எவன்யா பார்த்த வேலை இது?"

"நான்தான்யா. டீச்சர் இல்ல. என் வேலை, என் தப்பு. நானே சரி பண்ணித் தாரேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். டீச்சர் மார்க்கர் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படியொரு பெருமிதத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"இப்பவேவா டீச்சர்? இன்னும் வயரே மாத்தலையே?"

"முதல்ல பேரை எழுதுங்க அண்ணே. அப்புறம் அந்தப் பேருக்கு ஏத்த வயரை இழுங்க."