தீர்ப்புக்கு முன்னால வந்த பாட்டு

சீன தேசத்துல, ஒரு ஊர்ல ஒரு நாடகக் கூட்டம் இருந்துச்சாம். "ம்" சொல்லு, யாழு.

"ம்."

அந்த நாடகத்துல ஒருத்தர் மட்டும்தான் பாடணும். மத்தவங்க பேச மட்டும்தான் செய்யணும். கடைசிப் பாட்டு தொடங்கிட்டா யாரும் பேசக் கூடாது. அது முடிஞ்சா காட்சி முடிஞ்சுது, எல்லாரும் உள்ளே போயிடணும்.

"ராஜா கூடவா?"

ராஜாவும்தான். பாடுறவ பேரு சியூலான். பாவம், அவளுக்குத் தொண்டை கரகரன்னு இருந்துச்சு. கூட்டத்துத் தலைவர் ஃபாங், நீதிபதி வேஷமும் அவர்தான், கறாரா சொல்லிட்டார். "நேத்து மூணாவது பாட்டுல குரல் உடைஞ்சுது. இன்னைக்கும் உடைஞ்சா நாளையிலேருந்து வேஷம் கட்டாதே, துணி துவை."

அப்புறம் நாடகம் தொடங்குச்சு. செய்யாத திருட்டுக்குச் சியூலானைச் சங்கிலி போட்டு நிறுத்தினாங்க. முதல்ல அழுகைப் பாட்டு. டக்... டக்...னு தாளக்கட்டை மெதுவா தட்டுச்சு. எப்படியோ பாடிட்டா. அவளுக்கு மூச்சு வாங்குறதைக் காவலன் வேஷம் போட்ட கோமாளி பார்த்தான். "செருப்புல கல்லுங்கய்யா"ன்னு உட்கார்ந்து உதறினான்.

அப்புறம் கோபப் பாட்டு. டக்டக், டக்டக். குரல் பிசிறுச்சு. கோமாளி அடுத்த செருப்பைக் கழட்டினான்.

"அதுலயும் கல்லாடா?"ன்னார் நீதிபதி.

"இது அந்தக் கல்லோட தம்பிங்கய்யா."

மூணாவது, கெஞ்சுற பாட்டு. டகடகடகன்னு ஓடி உச்சிக்கு ஏறும். அது முடிஞ்சதும் நீதிபதி "ஜெயில்ல போடு"ன்னு தீர்ப்பு சொல்லணும். அதுக்கப்புறம்தான் கடைசிப் பாட்டு.

சியூலான் எச்சில் முழுங்கிப் பார்த்தா. குரல் ஏறாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்போ மூணாவதை விட்டுட்டு, கடைசிப் பாட்டை எடுத்துட்டா.

"ஏமாத்துறாளா?"

தெரியலையேம்மா. நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

நீதிபதி பதறிப்போய் வாயைத் திறந்தார். பாட்டு தொடங்கிடுச்சே, டப்புனு மூடிக்கிட்டார். பாட்டு முடிஞ்சுது. டங். காட்சி முடிஞ்சுதுன்னு கோமாளி தினமும் போல அவ சங்கிலியைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு உள்ளே போயிட்டான். அவளும் போயிட்டா. "பொண்ணு தப்பிச்சுட்டா"ன்னு சனங்க படபடன்னு கை தட்டினாங்க.

உள்ளே ஃபாங் குதிச்சார். "என் தீர்ப்பு எங்கடி?"

"கடைசிப் பாட்டு முடிஞ்சா காட்சி முடிஞ்சுது. நீங்க வெச்ச முறைதானே ஐயா. குரலும் உடையலையே."

அவர் பதில் யோசிக்கிறதுக்குள்ள, நாடகம் பார்த்த ஒரு கிழவி திரையை விலக்கித் தலையை நீட்டினா. "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாளாப்பா?"

ஃபாங் சியூலானைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சேர்ந்துட்டா பாட்டி. நாளைக்கும் சேர்ந்துடுவா."

யாழு? "ம்" காணோமே. சரி, கதையும் தீர்ந்துச்சு, கண்ணும் செருகிடுச்சு, தூங்கு.