புளிய விளாறு தீர்ந்துபோன ஊர்

கிட்ட வந்து உட்காருங்க பிள்ளைகளா, காற்று என் குரலைக் கொண்டுபோகுது.

சாலைக்கு இருபுறமும் புளியமரம் நின்ற காலம் அது. ஓர் ஊர், ஒரு ராசா, அவனுக்கு ஒரு வழக்கம். யார்மேல் குற்றம் சொல்கிறாயோ, அவரை அடிக்கப் புளிய விளாறு நீயே ஒடித்து வரவேண்டும். சந்தை நடுவே கல்தூணில் கட்டி, ஊர் பார்க்க அடிப்பார்கள். விசாரணை என்றால் ராசாவுக்குக் கொட்டாவி.

மொக்கையன் என்று ஒரு குயவன். பக்கத்து வீட்டுப் பேச்சியும் குயத்திதான். பானை வாங்க வந்தவர்கள் இவன் வாசலைத் தாண்டி அவளிடம் போனார்கள். இவனுக்கு வயிறு எரிந்தது.

"பேச்சி அரண்மனைக் குளத்துல மண்ணு திருடுறா" என்று விளாறு ஒடித்தான். அவள் முதுகு கிழிந்தது.

ஊர்ப் பெண்கள் அவளுக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் கொண்டுவந்தார்கள். அதற்கும் மொக்கையனுக்கு எரிந்தது.

"அடி வாங்கினவளுக்கு இம்புட்டு உபசாரமா? நான் காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு நாதி வந்துச்சா?" என்று மறுபடி ஒடித்தான்.

அவனைப் பார்த்து ஊரே ஒடித்தது. நேற்று அடிபட்டவன் இன்று அடுத்தவனுக்கு ஒடித்தான். மரமெல்லாம் மொட்டை.

மூன்றாம் முறையும் மொக்கையன் பேச்சிமேல் குற்றம் சொல்லி ராசா முன்னால் போய் நின்றான். இன்னும் ஓர் அடி விழுந்தால் பேச்சி பிழைக்கமாட்டாள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனாலும் தூணில் கட்டிவிட்டார்கள். விளாறு தேடிப் போன மொக்கையன் வெறுங்கையோடு வந்தான்.

"மரத்துல ஒரு கொப்புகூட இல்ல மகராசா."

"அதுதான் என் குழம்பில் புளிப்பே இல்லையா? நான் சமையற்காரனை அடிக்க இருந்தேனே" என்றான் ராசா.

கட்டிய கையோடு பேச்சி சொன்னாள்: "புளி காய்க்கிற கொப்பெல்லாம் எங்க முதுகுலதான் ஒடிஞ்சுது, சாமி. இனிமே குத்தம் சொல்றவங்க ஒரு புளியங்கன்னு நட்டுத் தண்ணி ஊத்தட்டும். அது காய்ச்ச பெறகு எங்களை அடிங்க. உங்க குழம்புக்கும் ஆச்சு."

ராசாவுக்கு நாக்கில் நீர் ஊறியது. "அப்படியே ஆகட்டும்" என்று கட்டை அவிழ்க்கச் சொன்னான்.

அதற்குப் பிறகு குற்றம் சொல்ல வந்தவர்களில் பாதிப்பேர் குழி தோண்டும்போதே கோபம் ஆறித் திரும்பினார்கள். மொக்கையனுக்கு மட்டும் ஆறவில்லை. அவள் அடிபடுவதைப் பார்க்கும் ஆசையில் வருஷக்கணக்காகத் தண்ணீர் சுமந்தான்.

பிறர் முதுகில் விழும் அடியைப் பார்த்து மகிழ்கிற ஊர், தன் நிழலைத் தானே ஒடித்துக்கொள்ளும்.

மொக்கையன் மரம் ஒருநாள் பூத்தது. பேச்சி கூடையோடு போய், ஒரு பூகூடக் காயாகாதபடி அத்தனையும் பறித்து வந்து, துவையல் அரைத்து, மொக்கையன் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள்.